ஏழு இல்லை, ஒன்பது

ஜூன் 18

விடைத்தாள் திருத்தினேன். நாற்பத்திரண்டு. ஒருவன் சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கம் விளக்கிவிட்டு, கடைசி வரியில் "ஆகவே இரண்டும் ஒன்றே" என்று முடித்திருக்கிறான். துணிச்சலுக்கு அரை மதிப்பெண்.

மாலையில் தம்பி போன் செய்தான். அவன் காரணமில்லாமல் போன் செய்வதில்லை. காரணத்தை முதலில் சொல்வதும் இல்லை. என் முழங்கால் வலியை விசாரித்தான். எனக்கு முழங்கால் வலி கிடையாது.

"அக்கா, என் பொண்ணு உங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கால்ல."

"இருக்கா."

"இருந்தா."

அவளுக்கு இது மூன்றாவது கல்லூரி. கூடைப்பந்துக்காகத் தேடி வந்து சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு கூடைப்பந்துக்காகவே அனுப்பிவிடுகிறார்கள். முதல் கல்லூரியில் பந்தை எறிந்து ஸ்கோர் பலகையை உடைத்தாள். இரண்டாவதில், ஆட்டம் முடிந்த பிறகு நடுவரை வண்டி நிறுத்துமிடம் வரை துரத்திப் போய், அவருடைய ஸ்கூட்டரை எதிரணி ஆட்டக்காரியாக நிற்கவைத்து, "இப்ப சொல்லுங்க சார், நான் எங்க இடிச்சேன்?" என்று நடித்துக் காட்டியிருக்கிறாள். எங்கள் ஹாஸ்டலில் பதினொரு நாள் தாக்குப்பிடித்திருக்கிறாள். விடியற்காலையில் தாழ்வாரத்தில் பந்து தட்டுவது ஏன் என்று வார்டன் கேட்டதற்கு, அந்த அம்மாள் கையிலேயே பந்தைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னாளாம். வார்டன் தட்டியும் பார்த்திருக்கிறார். கோபம் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"நான் யாரோடையும் இருந்து பழகினவ இல்ல" என்றேன் தம்பியிடம்.

"அவளும்தான்" என்றான்.

ஜூன் 21

வந்துவிட்டாள். ஒரு பை, இரண்டு பந்து. வெளியே மழை, குடை இல்லை. சமையலறை வாசலில் தலையைக் குனிந்து நுழைகிறாள். அணியில் இவளுக்குச் சுள்ளி என்று பெயராம். ஒல்லி, சட்டென்று பற்றிக்கொள்வாள்.

ஏழு விதிகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். நின்றபடியே படித்தாள்.

"அத்தை, மூணாவதும் ஆறாவதும் இடிக்குது."

"எங்கே?"

"மூணு: வெளியே போனா சொல்லிட்டுப் போகணும். ஆறு: காலைல ஏழு மணிக்கு முன்னாடி உங்ககிட்ட பேசக்கூடாது. எனக்கு பிராக்டிஸ் ஆறு மணிக்கு."

சரிதான். ஆறாவதை அடித்துவிட்டேன். முதல் நாளே ஒரு புள்ளி அவளுக்கு.

ஜூன் 22

காலை 5.10. பக்கத்து அறையில் டொம் டொம் டொம். வலது கை பதினைந்து நிமிடம், இடது கை பதினைந்து நிமிடம். என் தலை இரண்டிலும் சேர்த்து முப்பது.

ஜூன் 30

கீழ்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை மொத்தம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது.

"மேடம், இது வீடா, அச்சாபீஸா?"

கையில் ஒரு தாள். ஒன்பது நாளாக மணி குறித்து வைத்திருக்கிறார். 5.10, 5.10, 5.11, 5.10... ஒரு நிமிடத்துக்கு மேல் விலகல் இல்லை. என் வகுப்பில் எவரும் எதையும் இவ்வளவு சீராகச் செய்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

தரையில் பழைய கம்பளத்தை விரித்தோம். பலனில்லை. டாக்டர் இப்போது ஒட்டடைக் கம்பால் தன் வீட்டுக் கூரையை மூன்று முறை தட்டுகிறார். சுள்ளி அதற்குத் தாளம் சேர்த்துக்கொள்கிறாள்.

ஜூலை 9

கோச் என்னைத் தேடித் துறைக்கு வந்தார். நடக்கும்போதும் விசில் கழுத்தில். பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார்: இன்னொரு முறை நடுவர் இவளை மைதானத்தை விட்டு வெளியேற்றினால் ஓராண்டுத் தடை.

"கடைசி வருஷம் மேடம். இந்த வருஷ ஆட்டத்தைப் பார்த்துத்தான் தேசிய முகாமுக்கு ஆள் எடுப்பாங்க. தடை விழுந்தா கதை முடிஞ்சது. வீட்ல கொஞ்சம் சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பான்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் சொல்லி கேக்கல. அதான்."

மாலையில் பயிற்சி ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். எனக்கு விளையாட்டில் நம்பிக்கை கிடையாது. பத்துப் பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதைவிட ஆளுக்கொன்று வாங்கிக் கொடுக்கலாம் என்ற கட்சி. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவள் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்துதான் அவளைப் பார்த்துக்கொண்டு கூடவே வருகிறது. மூன்று பேர் சூழ்ந்து நிற்கும் இடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல நுழைந்து வெளியே வருகிறாள். நான் அடுத்த வகுப்பை மறந்துவிட்டேன். இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறை.

அப்புறம் கோச் விசில் ஊதி, "ஃபவுல், ஏழு" என்றார். ஏழு இவள்தான். பந்தைக் கீழே வைத்தாள். அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். பதினோரு நிமிடம். மணி பார்த்தேன்.

ஜூலை 20

மேசையில் ஒரு நீல நோட்டு. அவளுடையது. நான் மற்றவர்கள் நோட்டைத் திறப்பவள் இல்லை, திறந்தே கிடந்தது.

பதினான்கு வயதிலிருந்து தன் மீது விழுந்த தப்பான ஃபவுல்களை வரிசை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். தேதி, நடுவர், நடந்தது என்ன. கடைசிக் கட்டம்: 'யார் சரி?' நூற்று எண்பத்தாறு வரிகள். கடைசிக் கட்டத்தில் நூற்று எண்பத்தாறு 'நான்'.

பின்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அத்தை, நீங்க புள்ளிவிவரம்தானே? நடுவருங்க எனக்கு எதிரா இருக்காங்கன்னு நிரூபிக்க முடியுமா?"

"நிரூபிக்க முடியாது. சோதிக்க முடியும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அரை மதிப்பெண் வாங்கிய பையன் நினைவுக்கு வந்தான்.

ஆகஸ்ட் 2

நாற்பத்தொரு ஃபவுல்களுக்கு வீடியோ கிடைத்தது. ஒவ்வொன்றையும் நான்கு முறை பார்த்தேன், மெதுவாக ஓடவிட்டு. முடிவு: நடுவர் சரி - 29. நடுவர் தவறு - 8. சொல்ல முடியாது - 4. கூடுதலாக ஒன்று: அவள் வாதம் செய்த பிறகு வரும் ஐந்து நிமிடத்தில் அவள் செய்யும் ஃபவுல்கள் இரண்டு மடங்குக்கு மேல்.

சாப்பாட்டு மேசையில் அட்டவணையை வைத்தேன். தலைப்பெல்லாம் போட்டு, அழகாக. கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அவள் முட்டையை உரித்துக்கொண்டே படித்தாள். உரித்த முட்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

"நீங்களும் அப்பா மாதிரிதான்."

"இது தரவு. இதில் அப்பா எங்கே வந்தார்?"

"பக்கத்து வீட்டு ஜன்னல் உடஞ்சாலும், ஸ்கூல்ல பேனா காணாமப் போனாலும், வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: நீ என்ன பண்ணே? என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க அதையே கட்டம் போட்டுக் கேக்கறீங்க."

பையை எடுத்தாள். ஒரு பந்தை எடுத்தாள். போய்விட்டாள். மூன்றாம் விதிப்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்: "போறேன்."

என் அப்பாவும் அதே கேள்வியைத்தான் கேட்பார். தம்பி அதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

அணித்தோழி வீட்டில் இருக்கிறாளாம், கோச் சொன்னார். படிக்கட்டில் டாக்டர் மறித்தார். "மேல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" இல்லை என்றேன். "காலைல ஒரே அமைதியா இருக்கு" என்றார், ஏதோ புகார் சொல்வதுபோல.

ஆகஸ்ட் 5

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தாள். உட்கார்ந்தாள். முதல் வார்த்தை: "எந்த எட்டு?"

எண்களைச் சொன்னேன். நோட்டைத் திறந்தாள். சில எண்களின் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள், எப்போதோ. என் எட்டில் ஏழுக்குப் புள்ளி இருந்தது. மொத்தம் வைத்திருந்த புள்ளிகளும் பத்துக்குள்தான்.

"உனக்கே தெரியும்."

"தெரியும். வேற யாருக்காவது தெரியுமான்னுதான் தெரியல."

மூன்று முட்டை சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 19

வம்பு. ஸ்கோர் மேசையில் உட்காரும் நூலக எழுத்தர் பிரசவ விடுப்பில் போகிறார். கோச் என்னிடம் வந்தார்.

"நீங்க கணக்கு மேடம்தானே?"

"புள்ளியியல்."

"அதான். நடுவர் விரல்ல நம்பர் காட்டுவார். நீங்க ஷீட்ல எழுதணும். அவ்வளவுதான்."

"அணியில என் தம்பி மகள் ஆடறா. அது சரியா இருக்காது."

"எழுதறதுல என்ன மேடம் உறவு?"

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் பயிற்சி; தேர்வும் வைத்தார்கள். நூற்றுக்கு நூறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுக்காரன் என் தாளைப் பார்த்து எழுதினான். என் அனுபவத்துக்கு அது தெரியாதா. விட்டுவிட்டேன்.

ஐந்து சின்னப் பலகைகள் தந்திருக்கிறார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. ஒருத்திக்கு எத்தனையாவது ஃபவுலோ அந்தப் பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்தானால் அவள் அந்த ஆட்டம் முழுக்க வெளியே உட்கார வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் தூக்கிப் பார்த்தேன். சுள்ளி பார்த்துவிட்டாள்.

"அத்தை, நாலைக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமா காட்டுங்க."

ஆகஸ்ட் 30

நான்கு ஆட்டம் முடிந்தது. வாதம் செய்யும்போது நான் மேசையிலிருந்து அவளையே பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். இரண்டு மடங்கு என்று விரலைக் காட்டுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவாள். அணியினர் இதை என்னவென்று நினைக்கிறார்களோ.

செப்டம்பர் 6

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

காலிறுதி. மூன்றாவது பகுதி, இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். எங்கள் வளையத்துக்குக் கீழே எதிரணிக்காரி பந்தோடு எழும்புகிறாள். எங்கள் பக்கம் இரண்டு பேர் கூடவே எழும்புகிறார்கள் - ஏழாம் எண் சுள்ளி, ஒன்பதாம் எண் கேப்டன். கையில் அடி விழுந்தது. அடித்தது ஒன்பது. நான் பார்த்தேன். மீசை நடுவர் விசில் ஊதி, மேசையைப் பார்த்து ஏழு விரல் காட்டினார்.

நான் எழுதவில்லை.

மறுபடி காட்டினார். பேனாவை மூடினேன்.

"மேடம். ஏழு."

"ஏழு இல்லை. ஒன்பது."

"மேடம், நீங்க எழுதறவங்க. பாக்கறவங்க இல்ல."

அந்த வாக்கியம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என் துறைத்தலைவர் ஆய்வறிக்கை அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நீ எழுதறவ மட்டும்தான்மா" என்றார். எழுதினேன். அந்த எண் இன்னமும் நூலகத்தில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

"நான் தப்பான எண்ணை எழுத மாட்டேன் சார். வேணும்னா நீங்க வந்து எழுதிக்குங்க."

நான்தான். என் குரல்தான், நிதானமாகத்தான் வந்தது. ஆனால் கூடம் முழுக்க நிசப்தம் ஆகிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. அது மூன்றாவது ஃபவுல். ஐந்தாவதுகூட இல்லை! எதற்கு இத்தனை ரகளை - யார் செய்தது - நான்.

சுள்ளி மேசைக்கு ஓடி வந்தாள். நடுவரோடு சண்டை போடத்தான் வருகிறாள், போச்சு, தடை என்று நினைத்தேன். அவள் நடுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து என் காதில் சொன்னாள்:

"அத்தை, விடுங்க. எழுதிடுங்க. ப்ளீஸ். எனக்காக."

விடுங்க என்று சொல்கிறாள். இவள்.

"மாட்டேன்" என்றேன்.

மீசை நடுவர் மறுபடி விசில் ஊதினார். கட்டைவிரலை வாசல் பக்கம் காட்டினார். அந்தச் சைகைக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. என் கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, அதையும் எடுத்துக்கொண்டு, நானூறு மாணவர்கள் பார்க்க, கோர்ட்டின் நீளம் முழுவதும் நடந்து வெளியே போனேன். யாரோ கைதட்டினான். என் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஏழு வாங்கியவன், அடையாளம் தெரிந்தது.

சுள்ளி அதற்குப் பிறகு பத்தொன்பது புள்ளி போட்டாளாம். ஜெயித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஆடினாள் என்று கோச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 7

முதல்வர் அறை. "இருபத்து நாலு வருஷத்துல உங்க மேல ஒரு புகார்கூட வந்ததில்லையே மேடம்" என்றார். இதில் பாராட்டு எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. இந்தப் பருவம் முழுக்க நான் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழையக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் என் பெயர் ஏறுகிறது. சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

மாலையில் தம்பி போன். யார் சொன்னார்களோ.

"அக்கா, நீ என்ன பண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுள்ளி போனைப் பிடுங்கினாள். "அப்பா. என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளுங்க."

கேட்டான் போலிருக்கிறது. அவள் பால்கனிக்குப் போய் அரைமணி நேரம் பேசினாள். நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

செப்டம்பர் 8

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று வரைவு. சுள்ளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் இதுவரை பதினாலு எழுதியிருக்கிறாள். இந்தத் துறையில் எனக்கு மூத்தவள்.

"ரெண்டாவது வரியிலயே 'ஆனால்' வருது. 'ஆனால்' வந்தா அது மன்னிப்புக் கடிதம் இல்ல அத்தை, மனு."

"நடந்ததைச் சொல்ல வேண்டாமா? அடித்தது ஒன்பதுதானே."

வாழைப்பழத்தை உரித்தாள். நார் நாராக, வெகு கவனமாக.

"அத்தை."

"சொல்லு."

"ஏழுதான்."

"என்ன ஏழு?"

"கையில தட்டினது நான்தான். மீசை சொன்னது சரி. அதனாலதான் எழுதிடுங்கன்னு வந்து கெஞ்சினேன்."

போனில் வீடியோவைக் காட்டினாள். அணித்தோழி எடுத்தது. நான்கு முறை பார்த்தேன், மெதுவாக ஓடவிட்டு. ஏழு. சந்தேகமே இல்லை. ஒன்பதின் கை அந்தப் பக்கமே வரவில்லை. நான் ஒன்பதின் கையைப் பார்த்தேன் - பார்த்தேனே, இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது, நடக்கவே நடக்காத அந்தக் கை.

ஆக, பொய் எண்ணை எழுத மறுப்பதற்கு இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, கடைசியில் ஓர் உண்மையான எண்ணைப் பிடித்து மறுத்திருக்கிறேன்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். ஒருத்தங்க எனக்காகப் பேனாவை மூடினது அதான் முதல் தடவை. ஒரு நாள் வச்சுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவளும். கீழே இருந்து ஒட்டடைக் கம்பு மூன்று முறை தட்டியது.

கடிதம் நான்கு வரியில் முடிந்தது. 'ஆனால்' இல்லை. நீல நோட்டில் நூற்று எண்பத்தேழாவது வரியை அவள் எழுதினாள். நடந்தது என்ன: 'அத்தை.' யார் சரி: 'மீசை.'

செப்டம்பர் 27

அரையிறுதி. ஜெயித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். ஒரு தாளை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன், இரண்டு வேறு மதிப்பெண்.

அக்டோபர் 11

இறுதி ஆட்டம். தேர்வாளர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். நடுவர் - மீசை.

கூடத்துக்குள் நுழையத்தானே தடை. வெளியே பின்கதவோரம் நிற்கத் தடையில்லை. உத்தரவை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டேன். காவலாளி ஒரு நாற்காலி போட்டார். அவரே கதவிடுக்கு வழியாகப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் அவருக்கு ஆட்டம் தெரியாது.

"என்ன நடக்குது?"

"ஓடறாங்கம்மா."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"ஸ்கோர்?"

"பலகை தெரியல. எல்லாரும் கத்தறாங்க. நம்மாளுங்க கொஞ்சம் கம்மியா கத்தறாங்க."

இப்படியே முப்பத்தொன்பது நிமிட ஆட்டம். என் வாழ்க்கையில் இதைவிட மோசமான தரவை வைத்து நான் எதையும் கணித்ததில்லை. கடைசி நிமிடத்தில் விசில். நீளமான விசில். கூடம் கொதித்தது. பிறகு அப்படியே அடங்கியது.

"என்னாச்சு?"

"நம்ம பொண்ணைத்தான் காட்டறாரும்மா, அந்த மீசை. மேசைல அஞ்சுன்னு சின்னப் பலகையைத் தூக்கறாங்க."

ஐந்தாவது ஃபவுல். வெளியே உட்கார வேண்டும். அவளுக்கு இதைவிடப் பெரிய நெருப்பு கிடையாது. வாயைத் திறந்தால் வெளியேற்றம். வெளியேற்றம் என்றால் தடை. நான் எழுந்துவிட்டேன். கை கதவுப் பிடியில் இருந்தது. நான் வைத்ததாக நினைவில்லை.

"அவ என்ன பண்றா? சொல்லுங்க. என்ன பண்றா அவ?"

காவலாளி இடுக்கில் கண்ணை ஒட்டவைத்தார்.

"கையைத் தூக்கிக்கிட்டு நிக்குதும்மா."

"யாரை அடிக்க?"

"அடிக்க இல்லம்மா. ஸ்கூல்ல பிள்ளைங்க 'நான்தான்'னு தூக்குமே, அந்த மாதிரி. இப்ப போயி உக்காந்துடுச்சு. தண்ணி குடிக்குது."

நானும் போய் உட்கார்ந்தேன்.

ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

வீட்டில் நான்காவது முட்டையை அவள் உரிக்கும்போதுதான் கேட்டேன். "அந்தக் கடைசி ஃபவுல். சரியா, தப்பா?"

"தெரியாது. வீடியோ பாக்கணும்."

"கையைத் தூக்கினியே?"

"தூக்கினா அஞ்சு நிமிஷ வாதம் மிச்சம். அதுவும் போக, நம்ம கண்ணை மட்டும் நம்பக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லல. செஞ்சு காட்டினீங்க." வாய் நிறைய முட்டை. "அப்புறம் இன்னொண்ணு. பின்கதவு இடுக்குல உங்க செருப்பு தெரிஞ்சுது. நான் ஒரு வார்த்தை பேசினா நீங்க உள்ள வந்துடுவீங்கன்னு பயம்."

அக்டோபர் 20

தேசிய முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பழைய வரலாற்றால் ஒரு நிபந்தனை: நன்னடத்தைச் சான்று. கொடுப்பவர் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும், உறவினராக இருக்கக்கூடாது, மூன்று மாதமாவது நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவராக இருக்கக்கூடாது. நான் நான்கில் மூன்றில் தோற்கிறேன். மிச்சமுள்ள ஒன்றில், அவளை நேரில் அறிந்ததில், தாராளமாகத் தேறுவேன். அதற்கு மதிப்பெண் இல்லை.

இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லூரி ஆட்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சான்று இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

"கீழ்வீட்டு டாக்டர்" என்றாள் சுள்ளி.

"அவர் உன்னைப் பற்றி என்ன எழுதுவார் தெரியுமா?"

"தெரியும். ஆனா அவர் கையில தரவு இருக்கு."

அக்டோபர் 23

டாக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. படிவத்தை இரண்டு முறை படித்தார். உள்ளே போனார். கதவு சாத்தியது. இருபது நிமிடம் நின்றோம். சுள்ளி தன் விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். முறித்து முடிந்ததும் என் விரல்களைப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

உறையை ஒட்டாமல் தந்தார். படித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இங்கே நகலெடுத்து வைக்கிறேன்:

'இந்தப் பெண் மேல்வீட்டுக்கு வந்து 124 நாட்கள் ஆகின்றன. 119 நாட்கள் அதிகாலை 5.10க்குப் பந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு நாட்கள் வெளியூர்ப் போட்டி. மூன்று நாட்கள் வீட்டில் இல்லை. மழை, காய்ச்சல், தேர்வு, தோல்வி எதற்காகவும் நின்றதில்லை. இறுதி ஆட்டத்தில் தோற்ற மறுநாளும் 5.10. நாற்பது வருடம் நான் பார்த்த நோயாளிகளில் ஒருவர்கூட நான் சொன்னபடி தினமும் பல் துலக்கியதில்லை. இவரால் எனக்குத் தூக்கம் போனது. இவரது நடத்தைக்கு நான் பொறுப்பேற்கிறேன். எல்லாத் தாள்களும் இணைப்பில்.'

இணைப்பு: பன்னிரண்டு பக்கம்.

"டாக்டர்..." என்று ஆரம்பித்தாள் சுள்ளி.

"தேங்க்ஸ் எல்லாம் வேணாம். எப்ப கிளம்புற?"

"நாலாம் தேதி."

"நல்லது" என்று கதவைச் சாத்தினார். பாதி சாத்தி, "இடது கை இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான் வருது" என்றார். முழுதாகச் சாத்தினார்.

நவம்பர் 4

கிளம்பிவிட்டாள். தம்பி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். முழங்கால் வலி எப்படி என்று அவளைக் கேட்டான். அவளுக்கும் கிடையாது. மூன்று பேருமே பேச்சில் கெட்டிக்காரர்கள் இல்லை என்பது தெரிந்தது.

நீல நோட்டை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். இரண்டு பந்தையும் கொண்டுபோய்விட்டாள். ஃப்ரிட்ஜில் விதிகளுக்குக் கீழே அவள் கையெழுத்தில் எட்டாவது: 'அத்தை யாருடனும் வாதம் செய்வதற்கு முன் வீடியோ பார்க்கவும்.'

நவம்பர் 5

காலை 5.10. விழித்துக்கொண்டேன். பக்கத்து அறையில் சத்தமில்லை.

5.12. கீழிருந்து ஒட்டடைக் கம்பு. ஒரே ஒரு தட்டு. கேள்வி கேட்பதுபோல.

பந்து இல்லை. அலமாரியிலிருந்து நிகழ்தகவுக் கோட்பாடு, மூன்றாம் பதிப்பு, கெட்டி அட்டை, எண்ணூற்றுச் சொச்சம் பக்கம் - எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, கம்பளத்தின் மேல் போட்டேன்.

கீழிருந்து மூன்று தட்டு.